இருபது இலக்க எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? 2⁶⁴ − 1 வழியாக ஒரு செய்முறை

இருபது இலக்கமுள்ள எண் ஒன்றை நீட்டி "இதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றால், பெரும்பாலானவர்களின் கை கால்குலேட்டருக்குப் போகும். அது 1.8446744 என்று காட்டிவிட்டு ஓரத்தில் ஒரு 19 போட்டு ஒதுங்கிவிடும். அந்த எண் பகா எண்ணா, எதனால் வகுபடும், எத்தனை காரணிகள் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. ஆனால் பதில் காகிதத்திலேயே கிடைக்கும். எட்டாம் வகுப்பில் படித்த காரணி, மீதி, அடுக்கு இந்த மூன்றும் நினைவிருந்தால் போதும்.

நாம் எடுத்துக்கொள்ளும் எண் இது:

18446744073709551615

இதை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். பெரிய எண்களைப் பார்த்து மிரள்பவர்கள் அவற்றின் நீளத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். நீளம் ஒரு பொருட்டே இல்லை. ஓர் எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் இருபது இலக்கமும் அரை மணி நேர வேலை. தெரியாவிட்டால் பத்து இலக்கமே பாடாய்ப் படுத்தும். இந்த எண்ணில் அந்த இரண்டையும் பார்க்கலாம்.

படி 1: சரியாக எழுதுங்கள், வாசியுங்கள்

இதை யாரும் மதிப்பதில்லை. பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நம் ஊர் வழக்கப்படி காற்புள்ளி போட்டால்:

1,84,46,74,40,73,70,95,51,615

வாய்விட்டுப் படிக்க, வலது பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கமாக வெட்டுங்கள். 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615. அதாவது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியும், நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியும், தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்தும். கோடிக்கு மேல் சங்கம், மகா சங்கம் என்றெல்லாம் பெயர்ப் பட்டியல்கள் சுற்றுகின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அவற்றைவிடக் "கோடி கோடி" குழப்பமில்லாதது.

எக்செல் போன்ற விரிதாளில் இந்த எண்ணை ஒட்டாதீர்கள். அது முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சுழியமாக்கிவிடும், எந்த எச்சரிக்கையும் தராது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் கடைசியில் 552000 என்று வந்து நிற்கும். பைத்தான் என்ற நிரல்மொழி முழு எண்களை எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்துக்கொள்ளும். கணினி வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 2: பிறப்பைக் கண்டுபிடியுங்கள்

அறிமுகமில்லாத பெரிய எண் கைக்கு வந்தால் முதல் வேலை அதனுடன் ஒன்றைக் கூட்டிப் பார்ப்பது, ஒன்றைக் கழித்துப் பார்ப்பது. இங்கே ஒன்றைக் கூட்டினால் 18446744073709551616. இதற்கு வர்க்கமூலம் எடுத்தால் மிச்சமில்லாமல் 4294967296. மறுபடி எடுத்தால் 65536. அடுத்து 256, 16, 4, 2. ஆறே வர்க்கமூலத்தில் 2-க்கு வந்து சேர்ந்துவிட்டோம். ஆக அது 2⁶⁴; நம் எண் 2⁶⁴ − 1.

சதுரங்கப் பலகைக் கதையில் வருவதும் இதே எண்தான். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டமும் இரட்டித்து வைத்தால் மொத்தம் 2⁶⁴ − 1. இடைக்கால அறிஞர் அல்பிரூனி இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். கேரளத்தில் கண்ணன் அரசனோடு சதுரங்கம் ஆடி இந்தக் கணக்கில் ஜெயித்ததாகவும், அந்த அரிசிக் கடன்தான் இன்றும் அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசமாகத் தீர்க்கப்படுகிறது என்றும் சொல்வார்கள். ஆயிரம் அரிசி 25 கிராம் என்று வைத்தால் மொத்தக் கடன் சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் கிடைக்கும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு உலக விளைச்சல் முழுவதையும் கொட்டினால் கணக்கு நேராகும்.

இன்னொரு பிறப்பும் உண்டு. 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா "ஹனோய் கோபுரம்" என்ற விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் தட்டுகளைப் பூசாரிகள் ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மாற்றி முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு கதையையும் கூடவே கட்டிவிட்டார். அதற்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் நகர்வுகள் சரியாக 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் தலைமுறைக்குக் கவலையில்லை. லூக்காவின் பெயரை நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் அவர் பொம்மை விற்பவராக இல்லாமல் தன் உண்மையான தொழிலோடு வருவார்.

கணினிக்காரர்களுக்கு இது 64 பிட்டும் 1 ஆக இருக்கும் எண். குறியில்லா 64 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு. இதற்குமேல் ஒன்றைக் கூட்டினால் கணினியின் கணக்கு சுழியத்துக்குத் திரும்பிவிடும்.

படி 3: சில்லறைச் சோதனைகள்

பிறப்பு தெரிந்தாலும் இவற்றைச் செய்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

கடைசி இலக்கம் 5. ஆக 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 15 என்பதால் 25-ஆல் வகுபடாது. 5-இல் முடியும் முழு வர்க்கம் எதுவும் 25-இல்தான் முடியும். எனவே இது முழு வர்க்கமும் இல்லை. ஒரே பார்வையில் மூன்று செய்தி.

இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் மூன்று பகா எண்களையும் ஒரே அடியில் பார்த்துவிடலாம்.

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1016-இலிருந்து 1001-ஐக் கழித்தால் 15. அந்த 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் 4, 13-ஆல் 2. மூன்றாலும் வகுபடாது. ஏழுக்கு வகுபடும் சோதனை என்று பள்ளியில் சொல்லித்தரும் "கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழி" முறை இருபது இலக்க எண்ணில் கையை ஒடித்துவிடும். 1001-ஐப் பழகிக்கொள்ளுங்கள்.

இதே சோதனைகள் எழுத்துப் பிழை பார்க்கவும் உதவும். ஓர் எண்ணைப் பார்த்து எழுதும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது சகஜம். இலக்கக் கூட்டல் அதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கூட்டுத்தொகை மாறவில்லை. 11-இன் மீதி கண்டுபிடித்துவிடும். நீங்கள் எழுதிய எண்ணில் 9-இன் மீதி 6, 11-இன் மீதி 4 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

படி 4: பிறப்பை வைத்துப் பிளப்பது

ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் அது இரண்டாகப் பிளக்கும். 10 × 10 − 1 = 99 = 9 × 11. இருபது இலக்கத்துக்கும் அதே விதிதான். நம் எண் 4294967296-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு. எனவே:

18446744073709551615 = 4294967295 × 4294967297

இடது பக்கத்து எண் 65536-இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு. அதுவும் பிளக்கும்:

4294967295 = 65535 × 65537
65535 = 255 × 257
255 = 15 × 17
15 = 3 × 5

அவ்வளவுதான். ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் நம் எண் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 ஆகிவிட்டது. பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் பெயரால் இந்த ஆறுக்கும் ஃபெர்மா எண்கள் என்று பெயர். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையவை அனைத்தையும் பெருக்கி 2-ஐக் கூட்டினால் கிடைப்பது: 3 + 2 = 5, 3 × 5 + 2 = 17, 3 × 5 × 17 + 2 = 257. இதனால் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது. இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். ஆனால் எல்லாமே ஒற்றை எண்கள். ஆக இனி வரும் எந்தப் பகாக் காரணியும் இந்த ஆறில் இரண்டில் ஒருசேரத் தோன்றாது. பின்னால் காரணிகளை எண்ணும்போது இந்தச் சின்ன விஷயம் பெரிய வேலையை மிச்சப்படுத்தும்.

3, 5, 17 பகா எண்கள் என்று பார்த்தாலே தெரியும். 257-க்கு 13 வரையுள்ள பகா எண்களை முயன்றால் போதும், எதுவும் வகுக்காது. 65537-ஐ அடுத்த படியில் வரும் விதி ஒரே வகுத்தலில் முடித்துவிடும். தகராறு செய்வது கடைசி எண்.

படி 5: முரண்டு பிடிக்கும் 4294967297

1640-இல் ஃபெர்மா இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். முதல் ஐந்தும் அப்படித்தான் இருந்தன. ஆறாவது எண் பத்து இலக்கம். அதைக் கையால் முயன்று பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போகவில்லை. எந்த எண்களால் வகுப்பதில் அர்த்தமுண்டு என்று முதலில் வடிகட்டினார். கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை எழுதுங்கள். ஒரு கட்டத்தில் 1 வரும். பிறகு பழைய வரிசையே திரும்பும். 17-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டு அடியில் சுற்று முடிகிறது. ஒரு பகா எண்ணுக்கான சுற்றின் நீளம், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வருவதை மீதியின்றி வகுக்கும். இங்கே 8 என்பது 16-ஐ வகுக்கிறது. இது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது.

இப்போது ஏதோ ஒரு பகா எண் 4294967297-ஐ, அதாவது 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 32-ஆவது அடியில் மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைவு. இன்னும் 32 அடி போனால் (−1) × (−1) = 1. சுற்று 64-ஆம் அடியில் முடிகிறது. அதற்கு முன்பே முடிந்திருக்குமா? 64-ஐ வகுக்கும் அதைவிடச் சின்ன நீளம் எதுவானாலும் 32-ஐயும் வகுக்கும். அப்போது 32-ஆம் அடியிலேயே 1 வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது −1. ஆக நீளம் சரியாக 64. அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அது 64-இன் மடங்கு.

கோடிக்கணக்கான வாய்ப்புகள் 65, 129, 193, 257 என்ற ஒற்றை வரிசையாகச் சுருங்கிவிட்டன. ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைக்க ஃபெர்மாவின் தேற்றமே கருவியானது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

பிறகு 1878-இல் லூக்கா (ஹனோய் கோபுரக்காரர்தான்) இந்த வடிகட்டியை இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128-இன் மடங்கோடு ஒன்று. வரிசை இப்போது 129, 257, 385, 513, 641. இதில் 129 = 3 × 43, 385 = 5 × 77, 513 = 27 × 19. இவை பகா எண்கள் இல்லை, அடித்துவிடுங்கள். 257-ஐப் பொறுத்தவரை எட்டாம் அடியில் 256, அதாவது −1. பதினாறாம் அடியில் 1, முப்பத்திரண்டாம் அடியிலும் 1. ஒன்றைக் கூட்டினால் மீதி 2. வகுபடாது. மிஞ்சியது 641.

641-ஆல் வகுத்துப் பார்ப்பதும் கடினமில்லை, ஆனால் வகுக்காமலே காட்டலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்:

641 = 5 × 128 + 1
641 = 625 + 16

முதல் வரி சொல்வது, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. அதை நான்கு முறை பெருக்கினால் 625 × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது வரிப்படி 625-ம் −16-ம் ஒரே மீதி தரும். 625 இருக்கும் இடத்தில் −16-ஐ, அதாவது −2⁴-ஐப் போட்டால் −2³²-க்கு மீதி 1. எனவே 2³² + 1-க்கு மீதி 0. முடிந்தது.

4294967297 = 641 × 6700417

லூக்காவின் விதியை 65537-க்கு, அதாவது 2¹⁶ + 1-க்குப் பொருத்தினால், அடுக்கு 32-இலிருந்து பாதியானதால் 128-ம் பாதியாகி, 64-இன் மடங்கோடு ஒன்று என்று வரும். அதன் வர்க்கமூலம் 256. அதற்குள் இருப்பவை 65, 129, 193. இவற்றில் 193 மட்டுமே பகா எண். 193 × 339 = 65427, மீதி 110. எனவே 65537 பகா எண். ஒரே வகுத்தல் என்று சொன்னேன் அல்லவா?

படி 6: 6700417-ஐ நம்பிவிடாதீர்கள்

புதியவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். ஒரு காரணியைக் கண்டுபிடித்துவிட்டோம், மிஞ்சியது பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று எழுதிவிடுவார்கள். இருக்கலாம், காட்ட வேண்டும்.

6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். சாதாரணமாகச் செய்தால் 2588 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்தாக வேண்டும்; அவை சில நூறு இருக்கும். ஆனால் இந்த எண்ணை வகுப்பது 4294967297-ஐயும் வகுக்கும். ஆகவே அதே வடிகட்டி இங்கேயும் செல்லும். 128-இன் மடங்கோடு ஒன்றாக, 2588-க்குள் இருக்கும் பகா எண்கள் ஐந்தே ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. 6700417 பகா எண். இந்த ஐந்து வகுத்தலையும் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். வாசித்துத் தாண்டினால் ருசி தெரியாது.

முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

எவ்வளவு சுலபம் என்று தோன்றினால், இரண்டு தள்ளி இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. இதுவும் இருபது இலக்கம், இதுவும் ஃபெர்மா எண். ஆனால் கழித்தல் குறி கூட்டல் குறியானதும் படி 4-இன் பிளவு கிடையாது. லூக்காவின் விதிப்படி 256-இன் மடங்கோடு ஒன்று என்று தேடிக்கொண்டே போனால், முதல் காரணி 274177 வருவது 1071-ஆவது மடங்கில். மற்றது 67280421310721. கணிதர் கிளவுசன் 1855-இல் ஜெர்மன் கணிதர் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் காரணிகளைக் குறிப்பிட்டார். பிரான்ஸின் லாண்ட்ரி 1880-இல் தாமாகவே கண்டுபிடித்து வெளியிட்டார், அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. ஆய்லரின் 641-க்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. கீழ்ப் பக்கத்திலோ, 2⁶⁴-இலிருந்து 59-ஐக் கழித்தால் வரும் 18446744073709551557 பகா எண். 2⁶⁴-க்குள் அதுவே மிகப் பெரியது.

படி 7: காரணிகள் கையில் இருந்தால் மற்றவை தானாக வரும்

எத்தனை வகுத்திகள்? ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒரு வகுத்தியை உருவாக்க ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம் அல்லது விடலாம். 2-ஐ ஏழு முறை பெருக்கினால் 128.

இது அதிகமா குறைவா? 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் ஓர் எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்று கண்டறிந்தார்கள். அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்தால் வருவதுதான் தோராயமான விடை. நம் எண்ணின் மடக்கை 44.36; அதன் மடக்கை 3.79. இந்த அளவுள்ள எண்ணுக்கு நான்கு போல இருப்பது இயல்பு, நம்முடையதற்கு ஏழு. கொஞ்சம் வளமான எண்தான். ஆனால் ராமானுஜன் 1915-இல் ஆராய்ந்த "மிகு காரணி" எண்களின் (தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டவை) பக்கத்தில் இது ஏழை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2-இலிருந்து 47 வரையுள்ள பதினைந்து பகா எண்களைப் பெருக்கினால் 614889782588491410. நம் எண்ணின் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் வகுத்திகள் 32,768.

வகுத்திகளின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால் ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. எண்ணோடு ஒப்பிட்டால் சுமார் 1.70 மடங்கு. இரண்டு மடங்கை எட்டாததால் இது குறைவெண் வகை.

நம் எண்ணுக்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாத, அதாவது சார்பகா எண்கள் எத்தனை? இதற்கு ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416 = 9208981628670443520. எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, 49.92 சதவீதம். பாதியை இவ்வளவு ஒட்டி நிற்பது தற்செயலா? இல்லை. 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தை மட்டும் எடுத்தால் பெருக்கல் 2³² − 1. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் சரியாக 2³¹. அந்த விகிதம் பாதியைவிட ஒரு மயிரிழைதான் கூடுதல். பாதிக்குக் கீழே இழுப்பது ஆய்லர் கண்டுபிடித்த 641.

எத்தனை வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்? கடைசி மூன்று இலக்கம் 615-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது, முயன்று பாருங்கள். ஆக மூன்று வர்க்கம் போதாது. நான்கு எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770-இல் லக்ராஞ்ச் நிறுவினார். நம் எண்ணுக்குச் சரியாக நான்கு.

படி 8: வடிவம் பற்றிய கேள்விகள்

1, 3, 6, 10 என்று போகும் முக்கோண எண்களில் நம் எண் வருமா? சோதனை எளிது: எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். இங்கே கிடைப்பது 2⁶⁷ − 7, அதாவது 147573952589676412921. இலக்கங்களை மாற்றி மாற்றிக் கழித்தால் 11 வருகிறது, எனவே 11-ஆல் வகுபடும். 121-ஆல் வகுத்தாலோ மீதி 11. வர்க்கமாக இருந்தால் இரண்டாலும் வகுபட்டிருக்க வேண்டும். எனவே முக்கோண எண் இல்லை.

இந்த விடைக்கு இன்னொரு வழியும் உண்டு, அது நம் ஊர்க்காரர் போட்ட வழி. 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும் என்று 1913-இல் ராமானுஜன் இந்தியக் கணிதச் சங்க இதழில் கேள்வியாக வெளியிட்டார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது வரும். வேறு உண்டா என்பது கேள்வி. இல்லை என்று 1948-இல் நார்வேயின் நாகெல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. 2-இன் அடுக்கில் ஒன்று குறைவாக இருக்கும் எண்களில் முக்கோண எண்ணாக வருபவை, சுழியத்தை விட்டுவிட்டால், 1, 3, 15, 4095 மட்டுமே என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

பலகோணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவராயமும் குறியில்லாத அளவுகோலும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று 1796-இல் காஸ் கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், அந்த எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். தெரிந்தவை ஐந்துதான், எல்லாவற்றையும் பெருக்கினால் 4294967295. வரைய முடியும் என்று நாம் அறிந்தவற்றில் ஒற்றைப்படைப் பக்கங்கள் அதிகமுள்ள பலகோணம் அதுதான். நம் முழு எண்ணுக்கு அந்த யோகம் இல்லை; 641 கெடுத்துவிட்டது.

படி 9: சரிபார்த்தல்

கடைசியில் எல்லாவற்றையும் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். ஏழையும் ஒரே மூச்சில் பெருக்க வேண்டாம். 3 × 5 × 17 × 257 = 65535 என்பதை மனதில் செய்யலாம்; 641 × 6700417-ஐக் காகிதத்தில் செய்யுங்கள். லினக்ஸ் உள்ளவர்கள் முனையத்தில் "ஃபேக்டர்" (factor) கட்டளையைக் கொடுத்து எண்ணை ஒட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் ஏழு காரணிகளும் வரும். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் 128-இன் மடங்கு என்ற வடிகட்டியை அந்தக் கட்டளை உங்களுக்குச் சொல்லித்தராது.

அடுத்து எடுக்க வேண்டிய எண்

999999999999. பன்னிரண்டு ஒன்பதுகள். ஒன்றைக் கூட்டினால் 10¹², ஆகவே படி 4 அப்படியே பொருந்தும்: 999999 × 1000001. முதல் பாதி 999 × 1001 என்று மறுபடி உடையும். 1001 உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். 1000001-ஐப் பிளக்க வர்க்கக் கணக்கு உதவாது. அதை 100-இன் கனத்தோடு ஒன்று என்று பாருங்கள், 101-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் ஈவு பகா எண்தானா என்று படி 6-இல் செய்தது போலக் காட்டுங்கள். வகுத்திகளை எண்ணும்போது மட்டும் கவனம், இங்கே ஒரு பகா எண் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருகிறது. அதை எடுக்கலாம், விடலாம் என்று இரண்டு வாய்ப்பு மட்டும் இல்லை. உங்கள் விடை 256 வராவிட்டால் 3-இன் அடுக்கைத் திரும்பப் பாருங்கள்.